பிளிட்விட்சே போயிட்டு வந்தோம்: பெரிய அருவிய விடுங்க, மேல் ஏரிங்கள பாருங்க

குரோஷியால இருக்க பிளிட்விட்சே ஏரிகளுக்கு (அது ஒரு நேஷனல் பார்க்) கார்ல போயிட்டு வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. எழுதணும் எழுதணும்னு தள்ளிட்டே இருந்தேன், நேத்து கார் வாடகைக்கு விட்டவங்க கிட்ட இருந்து ஒரு மெயில் வந்துச்சு பாருங்க, அந்த கடுப்புல இன்னைக்கு உக்காந்துட்டேன். அந்தக் கதைய கடைசில சொல்றேன், அத முதல்ல சொன்னா ட்ரிப்பே மோசம்னு நெனச்சுக்குவீங்க, ட்ரிப் மோசமே இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். இங்க வர்ற கூட்டத்துல முக்காவாசி பேர் ஒரு நாள் டூர் பஸ்ல வந்து இறங்கி, கீழ இருக்க பெரிய அருவி முன்னாடி நின்னு போட்டோ எடுத்து, ரெண்டு ஏரிய சுத்திட்டு பஸ் கிளம்புதுன்னு ஓடிடுறாங்க. எனக்கு அந்த பார்க்லயே ரொம்ப சுமாரா பட்ட இடம் அந்த பெரிய அருவிதான். மேல இருக்க குட்டி குட்டி ஏரிங்க தான் விஷயமே. நேரம் கம்மியா இருந்தா கீழ்ப்பக்கத்த வெட்டுங்க, மேல்பக்கத்த வெட்டாதீங்க.

நாங்க நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஆறு வயசு பையன், அப்புறம் மதுரைல இருந்து மூணு மாசம் ஜெர்மனிக்கு எங்க கூட இருக்க வந்த அம்மா. அம்மாவுக்கு வலது முட்டி தகராறு பண்ணும், அதனால இந்த ரிவ்யூ பாதி முட்டிவலிக்காரங்களுக்குன்னே வச்சுக்கோங்க. விசா பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, 2023 ஜனவரி 1ல இருந்து குரோஷியா ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால பல ஐரோப்பிய நாட்டுக்குப் போற கூட்டத்துல, சேந்துருச்சு, அதே நாள்ல யூரோவும் வந்துருச்சு, அதனால அம்மாவோட ஷெங்கன் விசாவே போதும், அவங்க பழைய காசான குனா நோட்ட தேடி அலைய வேண்டாம். ஊர்ல இருந்து வர்றவங்க ஓட்டுறதா இருந்தா நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துட்டு வந்துடுங்க, கவுன்டர்ல கேப்பாங்க.

தலைநகர் ஜாக்ரெப் ஏர்போர்ட்ல கார் எடுத்தோம். ஆட்டோமேட்டிக் புக் பண்ணா கியர் வண்டிய நிறுத்தி வச்சிருக்காங்க, கேட்டா அதான் இருக்குன்னு தோள குலுக்குறான். வீட்டுக்காரர் ஊர்ல மாருதி 800ல பழகுனவர், அவருக்கு ஒண்ணும் இல்ல, நான் தான் ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அம்மா பின் சீட்ல உக்காந்துகிட்டு ஒவ்வொரு ரவுண்டானாவுக்கும் "மாப்ளே, பாத்துங்க, ராங் சைடுல போறீங்க"ன்னு. எட்டு வருஷமா இந்தப் பக்கம் தான் ஓட்டுறாரு மனுசன்.

ஜாக்ரெப்ல இருந்து பார்க் வரைக்கும் சுமாரா 130 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். கார்லொவாட்ஸ் வரைக்கும் ஏ1 ஹைவே, டோல்ல சீட்டு எடுத்து இறங்குற இடத்துல காசு கட்டணும், கார்டு வாங்குறாங்க. அது சும்மா நேர் ரோடு, சொல்ல ஒண்ணும் இல்ல. கார்லொவாட்ஸ்ல இறங்கி டி1 ரோட்டுல திரும்பினதும் தான் ட்ரிப் ஆரம்பிக்குது. ரெண்டே லேன், வளைஞ்சு வளைஞ்சு போகும், ரெண்டு பக்கமும் பச்சை, நடுவுல சின்ன சின்ன ஊரு, ஊருக்குள்ள 50, வெளில 90, அத மதிச்சு ஓட்டுங்க, போலீஸ் நிப்பாங்க. லாரி பின்னாடி மாட்டுனா மாட்டுனதுதான், முந்தணும்னு அவசரப்படாதீங்க.

கார்லொவாட்ஸ தாண்டினதும் துரான்னு ஒரு இடம், ரோட்டோரத்துலயே டாங்கி, விமானம் எல்லாம் நிறுத்தி வச்சிருக்காங்க, போர் மியூசியம். பையன் கத்தின கத்துல நிறுத்தியே ஆக வேண்டியதாச்சு. அம்மா "இங்கயும் சண்டை நடந்துச்சா"ன்னு கேட்டாங்க. நடந்துச்சு, அதுவும் நாங்க போற பார்க்லயே நடந்துச்சு. 1991 மார்ச் 31, ஈஸ்டர் அன்னைக்கு, யூகோஸ்லாவியால இருந்து குரோஷியா பிரிஞ்சப்போ நடந்த போர்ல, பிளிட்விட்சேல தான் குரோஷியா போலீசுக்கும் செர்பியப் படைக்கும் உயிர்ப்பலி ஆன முதல் மோதல், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு உசுரு போச்சு. அப்புறம் 1992ல இருந்து 1997 வரைக்கும் யுனெஸ்கோ இந்த இடத்த ஆபத்துல இருக்க பாரம்பரிய இடங்கள் லிஸ்ட்ல வச்சிருந்துச்சு. அந்த ரோட்டுல போகும்போது கூரை இல்லாம, உள்ள மரம் முளைச்சு நிக்கிற வீடு ஒண்ணு ரெண்டு இன்னும் கண்ணுல படுது, பக்கத்து வீட்டுலயே ஜன்னல் முழுக்க சிவப்பு பூந்தொட்டி. ரெண்டையும் ஒரே பார்வைல பாக்கும்போது என்னமோ பண்ணுச்சு. கார்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல, பையன தவிர.

அடுத்து ஸ்லுன் ஊரு, அதுல ரஸ்டோகேன்னு ஒரு மூலை. இத விட்டுட்டு போயிடாதீங்க. ஸ்லுன்சிட்சான்னு ஒரு சின்ன ஆறு பல கிளையா பிரிஞ்சு வீடுகளுக்கு நடுவுல, வீடுகளுக்கு அடியில எல்லாம் பூந்து அருவியா கீழ இருக்க கொரானா ஆத்துல விழுது, அந்த தண்ணில மாவு அரைக்கிற பழைய மில்லுங்க. ஆத்து பேரு கொரானான்னு சொன்னதும் அம்மா முந்தானைய எடுத்து மூக்க மூடுனாங்க. விஷயம் என்னன்னா இந்த கொரானா தான் பிளிட்விட்சே ஏரியில இருந்து வெளிய வர்ற ஆறு, அதாவது நாளைக்கு நாங்க பாக்கப் போற தண்ணி தான் இங்க வந்து கார்லொவாட்ஸுக்கு போகுது. அந்த ரோடு முழுக்க நாம தண்ணிக்கு எதிர் திசைல தான் போயிட்டு இருக்கோம்னு அப்பதான் உறைச்சுச்சு. ஒரு காபி குடிச்சோம், நல்ல காபி, அரை மணி நேரம்னு உக்காந்து ஒன்றரை மணி நேரம் போயிருச்சு.

ஸ்லுன் தாண்டி ஒரு பத்து நிமிஷத்துல எதிர்ல வந்த லாரி டயர்ல இருந்து ஒரு கல்லு தெறிச்சு டொக்குன்னு முன் கண்ணாடில பட்டுச்சு. பாத்தா ஒரு மிளகு சைஸுக்கு ஒரு புள்ளி. சரி போகட்டும்னு விட்டோம். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ரோட்டோரத்துல அங்கங்க மேஜை போட்டு சீஸும் தேனும் விக்கிறாங்க. ஸ்கிரிபவாட்ஸ்னு ஒரு சீஸ், லிகான்னு சொல்ற இந்தப் பகுதியோட ஸ்பெஷல், கடிச்சா பல்லுக்கு நடுவுல கிரீச் கிரீச்னு சத்தம் வரும், பேருக்கே அதுதான் அர்த்தமாம். ஒரு பாட்டி கத்தியால ஒரு துண்டு சீவி அம்மாகிட்ட நீட்டுனாங்க, அம்மா வாயில போட்டு ரெண்டு கடி கடிச்சுட்டு அப்படியே நிறுத்தி என்னைய பாக்குறாங்க, "ஏண்டி, பன்னீர் மாதிரி இருக்கு, செருப்பு மாதிரி சத்தம் போடுது". ஆனா ஒரு வட்டை வாங்கி ரெண்டு நாள்ல காலி பண்ணதும் அவங்கதான். உப்பு கம்மியா, பால் வாசத்தோட, நல்லாவே இருந்துச்சு.

தங்குனது பார்க்ல இருந்து பத்து நிமிஷ தூரத்துல ஒரு வீட்டு ரூம். அந்தப் பக்கம் கிராமம் முழுக்க இப்படி வீட்டு மாடிய ரூமா விடுறாங்க, சுத்தம், அமைதி, காலைல சேவல் கூவுது. வீட்டுக்கார அம்மா வந்த உடனே பிளம் பழத்துல போட்ட சாராயம் ஒரு குட்டி கிளாஸ்ல ஊத்தி நீட்டுனாங்க, அது அங்க மரியாதை. எங்கம்மா அத ஏதோ கஷாயம்னு நெனச்சு வாங்கி மோந்து பாத்துட்டு மாப்பிள்ளைகிட்ட குடுத்தாங்க, மாப்பிள்ளை ரொம்ப கஷ்டப்பட்டு ரெண்டு கிளாஸையும் முடிச்சாரு. பார்க் ஓட்டல்லயே தங்குறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, ஒரு நாள் டிக்கெட்ட அடுத்த நாளுக்கும் நீட்டி குடுக்குறாங்க. ரெண்டு நாள் நடக்கணும்னு இருந்தா அத யோசிங்க.

இப்போ டிக்கெட். ஆன்லைன்ல முன்னாடியே வாங்கிடுங்க, எந்த வாசல், எத்தனை மணின்னு தேர்ந்தெடுக்கணும், அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். நாங்க மே கடைசி வாரம் போனோம், பெரியவங்களுக்கு 23 யூரோ, ஏழு வயசுக்கு கீழ ஃப்ரீ, மூணு பேருக்கு 69. ஜூன் 1 பொறந்தா அதே டிக்கெட் 40 யூரோ. அதே ஏரி, அதே தண்ணி, சொல்லப்போனா வசந்த காலத்துல தான் தண்ணி அதிகம், கோடைல கூட்டம் தான் அதிகம். ஸ்கூல் லீவுக்காக காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவங்க ஜூனுக்கு முன்னாடியே போயிடுங்க. 23க்கு கண்ண மூடிட்டு போகலாம். 40க்கு போகலாமான்னா போகலாம், ஆனா காலைல முதல் ஸ்லாட்னா மட்டும். போட், உள்ள ஓடுற வண்டி எல்லாம் இந்த டிக்கெட்லயே அடக்கம், உள்ள தனியா காசு கேக்க மாட்டாங்க, பார்க்கிங் மட்டும் தனி.

வாசல் ரெண்டு இருக்கு, இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஜாக்ரெப்ல இருந்து வந்தா முதல்ல வர்றது வாசல் 1, எல்லா டூர் பஸ்ஸும் அங்கதான் கொட்டும், அங்க இருந்து நேரா கீழ் ஏரியும் பெரிய அருவியும். நாங்க வாசல் 2 எடுத்தோம், எச் ரூட். அதாவது வாசல்ல இருந்து வண்டில ஏத்தி மேல் ஏரியோட உச்சிக்கு கொண்டு போய் விட்டுருவாங்க, அங்க இருந்து தண்ணி கூடவே கீழ இறங்கி வரலாம், அப்புறம் போட், அப்புறம் கீழ் ஏரி, பெரிய அருவி, கடைசில வண்டி பிடிச்சு திரும்ப வாசல் 2. மொத்தம் 8.9 கிலோமீட்டர், பார்க்ல போட்டிருக்க நேரம் 4ல இருந்து 6 மணி நேரம், எங்களுக்கு முழுசா ஏழு ஆச்சு. வாசல் 1ல இருந்து போற சி ரூட்டும் இதே மாதிரி தான், ஆனா தலைகீழ், ஏறிகிட்டே போகணும். முட்டிவலிக்காரங்க எச் தான் எடுக்கணும். இல்ல அதுவும் அதிகம்னா ஈ ரூட்னு ஒண்ணு, 5 கிலோமீட்டர் கிட்ட, மேல் ஏரிய மட்டும் பாத்துட்டு போட்ல திரும்பிடலாம். அடுத்த தடவை அம்மாவோட போனா நான் கண்ண மூடிட்டு ஈ தான்.

எட்டு மணி ஸ்லாட். உச்சில இறங்கும்போது எங்க வண்டில மொத்தமே பதினஞ்சு பேர் தான் இருப்பாங்க. அவங்களும் விறுவிறுன்னு நடந்து போயிட்டாங்க, அப்புறம் நாங்க மட்டும்.

அங்க என்ன இருக்குன்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம். மொத்தம் 16 ஏரி, அதுல 12 மேல, 4 கீழ. மேல இருக்கறது ஒண்ணுக்கு கீழ ஒண்ணா, படிக்கட்டு மாதிரி, ஒரு ஏரி நிறைஞ்சு அதோட கரைல இருந்து வழிஞ்சு அடுத்த ஏரில விழுது. ஒரே அருவியா விழல, ஒரு நூறு இடத்துல, புல்லுக்கு நடுவுல, வேருக்கு நடுவுல, பாசி மேல, எங்க சந்து கிடைக்குதோ அங்கெல்லாம். நீங்க நடக்கிறது மரப்பலகை பாதை, கைப்பிடி கிடையாது, அந்த தண்ணி உங்க காலுக்கு அடியிலயே ஓடிட்டு இருக்கும், பலகை இடுக்குல குனிஞ்சு பாத்தா வெள்ளையா நுரைச்சுட்டு போகுது. சத்தம் ஒவ்வொரு வளைவுலயும் மாறுது, ஒரு இடத்துல பெரிசா இரைச்சல், நாலு எட்டு தள்ளி போனா வெறும் சலசலப்பு, இன்னும் நாலு எட்டு தள்ளி போனா ஒண்ணுமே இல்லாம கண்ணாடி மாதிரி ஒரு ஏரி, அடில விழுந்து கிடக்க மரம் கிளையோட முழுசா தெரியுது, அந்த மரத்து மேல வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு பூச்சு. காலொவாட்ஸ்னு ஒரு ஏரி, அதுக்கு கீழ பெரிய பிர்ஷ்டவாட்ஸ்னு ஒரு அருவி, 28 மீட்டர், அது முன்னாடி போய் நின்னப்போ மூஞ்சில சாரல் அடிச்சுது, கூட நின்னது ஒரு வயசான தம்பதி மட்டும் தான். நாங்க அங்க நின்ன நேரம் இருபது நிமிஷம் இருக்கும். யாரும் தள்ளல, யாரும் செல்ஃபி ஸ்டிக்க நீட்டல.

அப்பதான் அம்மா கேட்டாங்க. "குளிக்க எங்கடி விடுவாங்க?"

விட மாட்டாங்க. கைய காலக் கூட நனைக்கக் கூடாது. 2006ல இருந்து ஏரில எங்கயுமே குளிக்கத் தடை. அம்மா முகம் விழுந்துருச்சு. குற்றாலத்துல சீசனுக்கு சீசன் போய் தலைய குடுத்து நின்னவங்க, அவங்க அகராதில அருவின்னா குளிக்கிறது, பாக்குறதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம், போட்டோலயே பாக்கலாமே. நியாயம் தானே.

ஆனா காரணம் சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. இங்க மலைக்கல்லுல நிறைய சுண்ணாம்பு, அதுக்குள்ள புகுந்து வர்ற தண்ணி சுண்ணாம்ப கரைச்சு எடுத்துட்டு வருது. அது சிதறி விழும்போது அதுல இருக்க கரியமில வாயு வெளிய போயிடுது, அப்போ கரைஞ்சிருந்த சுண்ணாம்பு தண்ணில நிக்க முடியாம பக்கத்துல இருக்க பாசி மேல படியுது. பாசி அப்படியே கல்லாகுது, அது மேல புது பாசி வளருது, அதுவும் கல்லாகுது. அந்தக் கல்லு தான் அணை, அணையால தான் ஏரி. யாரும் கட்டுனது இல்ல, பாசி கட்டுனது. வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளருமாம் நல்ல இடத்துல. நான் சொன்னத விட வீட்டுக்காரர் ஒரே வரில முடிச்சாரு, "அத்தை, நம்ம போர் தண்ணிய காய்ச்சுனா கெட்டில்ல வெள்ளையா படியுமே, அதே தான்". அம்மாவுக்கு டக்குனு புரிஞ்சு போச்சு. "அது படியறத தானே நான் வினிகர் ஊத்தி தேய்ச்சுகிட்டு கிடக்கேன்"னாங்க. இறங்கி குளிச்சா மிதிபடும், சோப்பு க்ரீம் எல்லாம் தண்ணில கலக்கும், பாசி செத்தா அணை வளராது. அதுக்கப்புறம் பையன் ஒரு இடத்துல கால நீட்டுனப்போ முதல்ல அதட்டுனது அம்மாதான்.

மீனு. பலகை ஓரத்துலயே கூட்டம் கூட்டமா வந்து நிக்குது, தண்ணி அவ்ளோ தெளிவா இருக்கறதால மீனு காத்துல மிதக்குற மாதிரி இருக்கு, அதோட நிழல் மட்டும் கீழ தரைல தனியா நகருது. பையன் "அம்மாச்சி பொரி வாங்கிக் குடு"ன்னு ஆரம்பிச்சுட்டான், கோயில் தெப்பக்குளத்துல போட்டு பழக்கம். இங்க தீனி போடக் கூடாது. காசும் போடக் கூடாது, இருந்தும் யாரோ போட்டிருக்காங்க, அடில மின்னுது.

கலர் பத்தி எல்லாரும் கேக்குறாங்க, போட்டோல எடிட் பண்றாங்களான்னு. இல்ல, நெசமாவே அப்படித்தான். ஆனா எப்பவும் ஒரே மாதிரி இல்ல, வெயில் சாயுற கோணம், தண்ணில இருக்க தாது, பாசி இதெல்லாம் பொறுத்து மாறும். மேகம் மூடுனப்போ கரும்பச்சை, பத்து நிமிஷத்துல வெயில் வந்ததும் மயில் கழுத்து.

மேல் பகுதி முடியுற இடத்துல கோஸ்யாக் ஏரி, இருக்கறதுலயே பெரிசு, 47 மீட்டர் ஆழம். இங்க போட்டுக்கு நிக்கணும். பதினோரு மணிக்கு நாங்க வந்தப்போ அரை மணி நேர க்யூ, எதிர்ப்பக்கத்துல இருந்து மேல வர்றவங்க க்யூ அத விட நீளம். போட் கரண்ட்ல ஓடுறது, சத்தமே இல்ல, கால் மணி இருபது நிமிஷம் அப்படியே வழுக்கிட்டு போகுது, அம்மா தூங்கிட்டாங்க. இறங்குற இடத்துல பெரிய புல்வெளி, மேஜை, டாய்லெட், சிக்கன் சிப்ஸ் விக்கிற கடை. நாங்க கட்டிட்டு போன புளியோதரைய பிரிச்சோம். பக்கத்து மேஜைல இருந்தவங்க வாசத்துக்கு திரும்பி பாத்தாங்க, அம்மா பெருமையா ஒரு கரண்டி நீட்டுனாங்க, வேணாம்னு சிரிச்சாங்க. சைவக்காரங்க கண்டிப்பா கட்டிட்டு போங்க, உள்ள சிப்ஸ விட்டா பெரிசா ஒண்ணும் இல்ல.

இதுக்கு அப்புறம் கீழ் ஏரி. நாலே ஏரி, ரெண்டு பக்கமும் செங்குத்தா சுண்ணாம்புப் பாறை, நடுவுல பச்சை தண்ணி. இடம் அழகு தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா மதியம் ஒரு மணிக்கு அந்தப் பலகைல நடக்குறது தர்ம தரிசன வரிசை. முன்னாடி கொடி பிடிச்ச கைடு, அவருக்குப் பின்னாடி நாப்பது பேர், எதிர்ல இன்னொரு கொடி, நடுவுல ஒருத்தர் நிறுத்தி போட்டோ எடுத்தா ரெண்டு பக்கமும் ஜாம். கைப்பிடி இல்லாத பாதைல ஓரமா ஒதுங்கச் சொன்னா எங்க ஒதுங்குறது. பையன் கைய நான் விடவே இல்ல. தள்ளுவண்டில குழந்தைய வச்சுட்டு ஒரு ஜோடி வந்து மாட்டிகிட்டு முழிச்சுட்டு இருந்தாங்க, அத எடுத்துட்டு வராதீங்க, முதுகுல கட்டிக்கிற பை தான் சரி.

கடைசில பெரிய அருவி, வெலிகி ஸ்லாப், 78 மீட்டர், குரோஷியாலயே உயரம். சரி, உயரம் தான். ஆனா நான் ஏன் சுமார்னு சொன்னேன்னா, காலைல இருந்து நாங்க ஒரு தண்ணி கூடவே நடந்து வந்தோம், ஏரில இருந்து ஏரி, அணைல இருந்து அணை. இந்த அருவில விழுறது அந்த தண்ணியே இல்ல. பிளிட்விட்சான்னு ஒரு தனி ஓடை பக்கவாட்டுல இருந்து வந்து பாறைல இருந்து நேரா கீழ குதிக்குது, அவ்ளோதான். அந்த ஓடையும் ஏரித்தண்ணியும் கீழ சேர்ற இடத்துல தான் கொரானா பொறக்குது, அந்த இடத்த யாரும் திரும்பிக்கூட பாக்கல, எல்லாரும் அருவிக்கு முதுக காட்டி நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. நான் அம்மாவ கூப்ட்டு காட்டுனேன், இதான் நேத்து மூக்க மூடுனீங்களே அந்த ஆறுன்னு. நல்லா எட்டிப் பாத்துட்டு ஒரு கும்பிடு போட்டாங்க. ஆறு பொறக்குற இடத்துல கும்பிடாம வர மாட்டாங்க எங்கம்மா.

அங்க இருந்து மேல ஏறுறது தான் உயிர் போயிருச்சு. கீழ இருந்து பாறை மேல வளைஞ்சு வளைஞ்சு ஏறணும், அது வரைக்கும் இறக்கமாவே வந்து பழகிட்டு கடைசில இத வைக்கிறாங்க. அம்மா நாலு இடத்துல உக்காந்தாங்க. மேல போனா அந்த பிரபலமான வியூ, எல்லா போஸ்டர்லயும் வர்றது, நாலு ஏரியும் பலகைப் பாதையும் குட்டியா எறும்பு வரிசையா ஜனமும், அது நல்லா இருந்துச்சு, அங்க ஒரு பத்து நிமிஷம் நின்னா மூச்சும் வந்துரும். அப்புறம் வண்டி நிக்கிற இடத்துக்கு இன்னும் கொஞ்சம் நடை, அங்கயும் க்யூ.

செருப்பு வேண்டாம், நல்லா பிடிமானம் இருக்க ஷூ. அம்மா புடவைக்கு கீழ ஷூ, மேல ஸ்வெட்டர், அந்த பார்க்ல எங்கள விட அதிகமா அவங்கள தான் போட்டோ எடுத்திருப்பாங்க. குடை எடுத்துட்டு போகாதீங்க, அந்த சின்ன பாதைல எதிர்ல வர்றவங்க கண்ண குத்தும், மழைக்கோட்டு தான். ட்ரோன் கூடாது. காட்டுல கரடி, ஓநாய் எல்லாம் இருக்கு, ஆனா இந்த கூட்டத்துக்கு அது பக்கத்துலயே வராது, பையனுக்கு அதுல தான் பெரிய ஏமாற்றம்.

சாயங்காலம் கிராமத்துல ஒரு சாப்பாட்டுக் கடை. அது ஆட்டுக்கறி ஊரு, முழு ஆட்ட கம்பில சுத்தி சுட்டு கிலோ கணக்குல வெட்டி தர்றாங்க. வீட்டுக்காரர் அத ஒரு பிடி பிடிச்சாரு, நான் ஏரிப்பக்கத்து ட்ரவுட் மீன் சொன்னேன், பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வறுத்தது, முள்ளு ஈசியா வந்துரும், அருமை. அம்மாவுக்கு சீஸ் வச்ச ஒரு ரோல், வேகவச்ச உருளைக்கிழங்கு, சாலட். உருளைக்கிழங்கு லிகா ஊரோடது, பெருமையா தனியா சொல்லி தான் வைக்கிறாங்க, அம்மா அது மேல இட்லி பொடிய தூவினாங்க, அப்புறம் நானும் தூவினேன்.

அடுத்த நாள் கொரெனிட்சா வழியா கடலோர ஊரான ஜாடாருக்கு. அந்த ரோடு வேற மாதிரி, அகலமான புல்வெளி, தூரத்துல வெலெபிட் மலை, ரோட்டுல எங்கள தவிர யாரும் இல்ல. அப்புறம் ஏ1ல ஏறுனா ஸ்வெட்டி ரோக் சுரங்கம், அஞ்சரை கிலோமீட்டருக்கு மேல. உள்ள போகும்போது தூறல், ஸ்வெட்டர், பச்சை மரம். வெளிய வந்தா பளீர்னு வெயில், வெள்ளைப் பாறை, மரமே இல்ல, கீழ கடல். பையன் ஏதோ கேம்ல லெவல் மாறிடுச்சுன்னு சொன்னான். ஜாடார்ல அம்மா நேரா கடல்கிட்ட போய் "இங்கயாச்சும் விடுவாங்களா"ன்னு கேட்டுட்டு புடவைய தூக்கி சொருகிட்டு முட்டி வரைக்கும் இறங்கி நின்னாங்க, கூப்பிட கூப்பிட வரல.

இப்போ அந்த மெயில். காரை ஜாடார்ல திருப்பிக் குடுத்தப்போ ஒருத்தர் போன் டார்ச்ச அடிச்சு சுத்தி வந்தாரு, கண்ணாடி புள்ளிய காட்டி எழுதிக்கிட்டாரு. நாங்க முழு இன்சூரன்ஸ்னு நெனச்சு தனியா காசு கட்டியிருந்தோம். முழுன்னா முழு இல்லயாம், கண்ணாடி, டயர், வண்டியோட அடிப்பாகம் மூணும் அதுல வராதாம், பத்தாவது பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு. அதுக்கு 190 யூரோ டெபாசிட்ல இருந்து எடுத்துக்கிட்டாங்க, அது கூட நம்ம தப்பு, படிச்சிருக்கணும். நேத்து வந்த மெயில்ல பின் பம்பர்ல ஒரு கீறலுக்கு இன்னும் 220ன்னு போட்டிருக்காங்க. அந்தக் கீறல் எடுக்கும்போதே இருந்துச்சு. நல்லவேளை, ஜாக்ரெப்ல வண்டி எடுத்தப்போ வீட்டுக்காரர் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வச்சிருந்தாரு, அதுல கீறலும் தெரியுது, பின்னாடி ஏர்போர்ட் போர்டும் தெரியுது, "மாப்ளே எதுக்கு காரை போய் படம் புடிக்கிறாரு"ன்னு அம்மா கேக்குற குரலும் தெளிவா கேக்குது. அனுப்பிட்டோம். இன்னும் பதில் வரல.